அலையில் இன்னொரு தலை

சிட்னியில் பகல் வெளிச்சத்தில் கடலில் குளிப்பது குற்றமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1830களில் போட்ட சட்டம் அது. காலை ஆறு மணிக்கு மேல், இரவு எட்டு மணிக்கு முன், நாலு பேர் பார்க்கும் இடத்தில் தண்ணீரில் இறங்கக் கூடாது. வெள்ளைக்காரக் குடியேறிகள் அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக வீடு கட்டி, கடலைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இறங்க மட்டும் மாட்டார்கள். 1902 அக்டோபரில், மேன்லி என்ற கடற்கரை ஊரில் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்த வில்லியம் கோச்சர், நடுப்பகலில் கடலில் இறங்கப்போகிறேன் என்று தன் பத்திரிகையிலேயே அறிவித்துவிட்டு இறங்கினார். போலீஸார் அவரைப் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. மறு ஆண்டு மேன்லி நகரசபை தன் விதியை மாற்றிக்கொண்டது. கழுத்திலிருந்து முழங்கால்வரை மூடும் உடை அணிந்தால் பகலிலும் குளிக்கலாம்.

செசில் ஹீலி அப்போது இருபது வயதைத் தாண்டிய இளைஞர். சிட்னியின் டார்லிங்ஹர்ஸ்ட் பகுதியில் 1881இல் பிறந்தவர், வழக்கறிஞரின் மகன். சிறுவனாக இருந்தபோதே ரஷ்கட்டர்ஸ் பே குளத்தில் பந்தயம் ஜெயித்தவர். பிழைப்புக்கு, ஊர் ஊராகப் போய்க் கடைக்காரர்களிடம் ஆர்டர் பிடிக்கும் வேலை. மிச்ச நேரமெல்லாம் விளையாட்டு. நீச்சல்தான் முதலில்; அதோடு ரக்பி, குத்துச்சண்டை, துடுப்புப் படகு. 1905இல் 100 கஜத்தை 58 விநாடியில் நீந்தி அன்றைய உலகச் சாதனையைத் தொட்டார். 1906 ஏதென்ஸ் போட்டியில் 100 மீட்டரில் மூன்றாமிடம். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஒரு தங்கமும் ஒரு வெள்ளியும். இப்படிப் பட்டியல் போட்டால் அந்த வாழ்க்கை ஒரு பத்தியில் முடிந்துவிடுகிறது. விளையாட்டு வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அப்படித்தான் முடித்துவிடுகின்றன, கூடவே ஸ்டாக்ஹோமில் அவர் காட்டிய பெருந்தன்மையைப் பற்றி இரண்டு வரி சேர்த்து. அந்தப் பெருந்தன்மை எங்கிருந்து வந்தது என்று தேடினால் குளத்தில் விடை கிடைக்காது. மேன்லியின் அலைகளுக்குத்தான் போக வேண்டும்.

அந்தக் கரைக்குப் பலகை வருவதற்கு முன்பே அலைச்சவாரி வந்துவிட்டது. உடம்புதான் பலகை. 1890களில் மேன்லியில் தோட்டவேலை பார்த்துவந்த தீவுக்கார இளைஞர் ஒருவர் அலையோடு சேர்ந்து கரைக்கு வழுக்கி வருவதை ஊர்ப் பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள். இன்று வனுவாட்டு எனப்படும் நாட்டின் டானா தீவிலிருந்து வந்தவர். ஊரார் அவரை டாமி டானா என்றார்கள். வரலாற்றிலும் அவருக்கு அந்தப் பெயர்தான். அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர் ஃபிரெட் வில்லியம்ஸ். வில்லியம்ஸைப் பார்த்து மேன்லி முழுக்கக் கற்றுக்கொண்டது.

பார்க்க எளிதாக இருக்கும் வித்தை இது. நெஞ்சளவுத் தண்ணீரில் முதுகைக் கடலுக்குக் காட்டி, முகத்தை மட்டும் திருப்பி, வருகிற நீர்மேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எல்லா மேடும் உதவாது. உடையுமா, உடையாமல் கரைவரை போய்க் கரைந்துவிடுமா என்று நிறத்தையும் சரிவையும் வைத்துக் கணிக்க வேண்டும். பின்பக்கம் உயர்ந்து காலடித் தண்ணீரை உறிஞ்சத் தொடங்கும் கணத்தில் தரையை உதைத்து நாலைந்து வீச்சு போட வேண்டும். அலை பிடித்துவிட்டது என்பது இடுப்பில் தெரியும். அதற்குப் பிறகு நீந்தக் கூடாது. தலையைக் குனிந்து, தோளைக் குறுக்கி, உடம்பை விறைத்து விட்டால் நுரைக்கு முன்னால் தலை மட்டும் வெளியே தெரிய மனிதன் கரைக்கு வந்துசேர்வான். ஒரு கணம் முந்தினால் அலை தூக்கிக் குப்புற மணலில் அடிக்கும், கழுத்தெலும்பு போகும். ஒரு கணம் பிந்தினால் வயிற்றுக்கு அடியில் நழுவிப் போய்விடும். இங்கே வேகத்தைவிடக் கவனம்தான் பெரிது. அதைவிட முக்கியமானது, அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்திருப்பது. ஒரே அலையில் பத்துப் பேர் வருவார்கள். யாராவது ஒருவர் வராமல் போவார். எழும்பாத தலையை முதலில் பார்ப்பது அவரோடு அலையில் இருந்தவர்தான்.

ஹீலி நீந்திய கிரால் நீச்சலும் இதே திசையிலிருந்து வந்தது. சாலமன் தீவுகளில் பிறந்து சிட்னிக்கு வந்த அலிக் விக்கம் என்ற பையன் பிரான்டே கடற்கரைக் குளத்தில் நீந்திய விதத்தைப் பார்த்துப் பயிற்சியாளர்கள் வியந்தார்கள். சிட்னியின் நீச்சல் குடும்பமான கேவில் குடும்பத்தார் அந்தப் பாணியை எடுத்து வளர்த்து அமெரிக்காவரை கொண்டுபோனார்கள். 1906இல் ஏதென்ஸ் முடிந்த கையோடு ஹீலி ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போட்டிகளில் நீந்தினார். ஹாம்பர்க்கில் கரையோரம் நின்று பார்த்தவர்களில் பலருக்கு அந்தக் கைவீச்சும் கால் அடியும் புதிது. தான் நீந்தியதைச் செய்தித்தாள் கட்டுரைகளில் விளக்கவும் செய்தார். எப்படி மூச்சு வாங்குவது, கால் எத்தனை முறை அடிப்பது, அலையில் எப்போது கிளம்புவது என்று சிட்னிப் பத்திரிகைகளில் தொடர்ந்து எழுதிவந்தவர் அவர்.

இந்த இடத்தில் ஒரு கசப்பைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. டானாவும் விக்கமும் ஆஸ்திரேலியாவுக்குக் கடலில் எப்படி இருப்பது என்று காட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் புதிய ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் முதல் வேலையாக வெள்ளையரல்லாதவர்களைத் தடுக்கும் குடியேற்றச் சட்டத்தை இயற்றியது. 1901இலேயே பசிபிக் தீவுத் தொழிலாளர் சட்டமும் வந்தது. 1906இன் இறுதியிலிருந்து, கரும்புத் தோட்டங்களில் உழைத்த தீவுக்காரர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அலைச்சவாரி கற்றவர்கள் ஊரில் இருந்தார்கள். கற்றுக்கொடுத்தவர்களின் இனத்தார் கப்பலில் போனார்கள். ஹீலி இந்தச் சட்டங்களைப் பற்றி என்ன நினைத்தார் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. 1912இல் அவர் எழுந்து பேசியது யாருக்காக என்பதைப் படிக்கும்போது இந்தப் பின்னணி நம் கண்ணில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பகல் குளியல் சட்டபூர்வமானதும் சாவுகள் வந்தன. நீந்தத் தெரியாத நகரத்து ஜனம் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் கூட்டமாக இறங்கியது. மேன்லியிலும், சிட்னியின் இன்னொரு கடற்கரையான பாண்டையிலும் கடல் இழுக்கும் இடங்கள் உண்டு. அலை கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் ஓரிடத்தில் ஒன்றுகூடி ஆறுபோல் கடலுக்குத் திரும்பும். மேலே பார்க்கும்போது அந்த இடம்தான் அமைதியாக இருக்கும், புதியவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். 1906, 1907 ஆண்டுகளில் கரைதோறும் உயிர்காப்புச் சங்கங்கள் முளைத்தன. 1907 அக்டோபரில் அவையெல்லாம் சேர்ந்து நியூ சவுத் வேல்ஸ் அலைக்குளியல் சங்கம் ஆயின. மேன்லி சங்கத்தில் ஹீலி இருந்தார்.

அந்தச் சங்கங்களின் கருவி ஒரு ராட்டை. மரச்சட்டத்தில் பொருத்திய பெரிய உருளை, அதில் சுற்றிய நீளக் கயிறு, கயிற்றின் நுனியில் தக்கை வைத்த இடுப்புவார். பாண்டையில் லிஸ்டர் ஆர்ம்ஸ்பியும் அவருடைய தோழர்களும் சேர்ந்து உருவாக்கியது. ஆள் தத்தளிப்பது தெரிந்ததும் ஒருவர் வாரை மாட்டிக்கொண்டு ஓடி அலைக்குள் பாய்வார். பின்னால் இரண்டு மூன்று பேர் தலைக்கு மேல் கை உயர்த்திக் கயிற்றைத் தண்ணீர் படாமல் ஏந்திக் கடலுக்குள் வரிசையாக நிற்பார்கள். ராட்டையில் ஒருவர் கயிற்றை விட்டுக்கொடுப்பார். கயிற்றில் கடற்பாசி சிக்கினால் பாரம் ஏறும். நீந்துகிறவரின் இடுப்பைப் பின்னுக்கு இழுக்கும். அவர் முழுகுகிறவரைப் பிடித்ததும் கை தூக்கிக் காட்டுவார். இனி இழுக்கலாம். இதில்தான் ஆபத்து. கரையில் நிற்பவர்கள் பதற்றத்தில் வேகமாக இழுத்தால் காப்பாற்றப் போனவரும் காப்பாற்றப்பட்டவரும் சேர்ந்து தண்ணீருக்கு அடியில் போவார்கள். ஒவ்வொரு அலை வரும்போதும் கயிற்றைத் தளர்த்தி, கடந்ததும் இறுக்க வேண்டும். கரையில் நிற்பவரின் கண் தண்ணீரில் இருப்பவரின் மூச்சோடு ஓட வேண்டும். போட்டி நீச்சலில் உலகச் சாதனை வைத்திருக்கும் ஒருவர் இடுப்புவாரை மாட்டிக்கொண்டு போனாலும், கயிற்றை ஏந்தி நிற்கும் நாலு சாதாரண ஆட்கள் இல்லையென்றால் அவருடைய வேகம் எதற்கும் உதவாது. ஹீலி மேன்லியில் பலரை இப்படிக் கரை சேர்த்தவர்.

இனி ஸ்டாக்ஹோம்.

1912 ஜூலை. நீச்சல் போட்டிகளை நடத்தியது குளத்தில் அல்ல. யூர்கார்டன் தீவின் ஓரமாக உள்ளே நுழையும் கடல்கழியில். தண்ணீரின்மேல் மரப்பாலம் கட்டி 100 மீட்டர் தூரத்தை அளந்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஆஸ்திரலேசியா என்ற பெயரில் ஒரே அணியாக வந்திருந்தன. ஹீலிக்கு வயது முப்பது. 100 மீட்டர் பந்தயத்தில் எல்லோரும் எதிர்பார்த்த பெயர் ஹவாயிலிருந்து அமெரிக்க அணிக்காக வந்த டியூக் கஹனமோகு. அரையிறுதி நாளன்று அவரும் மற்ற இரண்டு அமெரிக்கர்களும் வரவில்லை. எப்போது நீந்த வேண்டும் என்பதில் அவர்களுடைய அதிகாரிகளுக்குக் குழப்பம். ஆட்கள் வராததால் விதிப்படி மூவரும் வெளியே. அரையிறுதி நடந்தது, முடிந்தது. ஹீலி இறுதிக்குத் தேறிவிட்டார்.

அடுத்து நடந்ததுதான் அவரை வரலாற்றில் வைத்தது. வராதவர்களை விட்டுவிட்டு இறுதிப் பந்தயம் நடத்துவது சரியில்லை, அவர்களுக்குத் தனியாக ஓர் அரையிறுதி வைக்க வேண்டும் என்று ஆஸ்திரலேசிய அணி வாதாடியது. அந்த வாதத்தில் முன்னால் நின்றவர் ஹீலி. நடுவர் குழு ஒத்துக்கொண்டது. அமெரிக்கர்களுக்குத் தனி அரையிறுதி நடந்தது. அதில் கஹனமோகு 1 நிமிடம் 2.4 விநாடியில் நீந்தினார், அன்றைய உலகச் சாதனைக்குச் சமமான நேரம். இறுதிப் பந்தயத்தில் கஹனமோகு முதல், ஹீலி இரண்டாவது, அமெரிக்காவின் கென்னத் ஹஸாக் மூன்றாவது. கஹனமோகுவின் நேரம் 1 நிமிடம் 3.4 விநாடி, ஹீலியின் நேரம் 1 நிமிடம் 4.6 விநாடி. சில நாள் கழித்து 4×200 மீட்டர் தொடர்நீச்சலில், கஹனமோகு நீந்திய அமெரிக்க அணியை ஹீலி, ஹரால்ட் ஹார்ட்விக், லெஸ்லி போர்ட்மன், மால்கம் சாம்பியன் நால்வரும் வென்றார்கள். ஹீலியின் தங்கம் அங்கே கிடைத்தது.

இதைத் தியாகம் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பொருந்துவதாகத் தெரியவில்லை. தியாகம் என்றால் தனக்குரியதைப் பிறருக்குக் கொடுப்பது. ஹீலியின் கணக்கில் அந்தத் தங்கம் அவருக்குரியதாகவே இல்லை. மூன்று பேர் தண்ணீரில் இல்லாதபோது முதலில் வருவதை அவர் முதலிடமாக எண்ணவில்லை. அலையில் பத்துப் பேர் கிளம்பி ஒருவர் எழும்பாமல் போனால், அந்த அலையைப் பற்றி யாரும் கரையில் பெருமை பேச மாட்டார்கள். முதலில் அந்த ஆளைத் தேடுவார்கள். பத்தாண்டுகள் கடலில் இந்தப் பழக்கத்தோடு வாழ்ந்தவர், ஸ்டாக்ஹோமில் வேறு மாதிரி நடந்திருந்தால்தான் வியக்க வேண்டும். அவருக்கு அது இயல்பான கேள்வி: அந்த மூவரும் எங்கே?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அவரைக் கொண்டாடுகிறவர்கள் தொடாதது. இறுதிப் பந்தயத்தில் ஐந்து பேர். கஹனமோகு, ஹஸாக், ஹீலி, ஜெர்மனியின் குர்ட் பிரெட்டிங், வால்டர் ராமே. பிரெட்டிங் நான்காவது, ராமே ஐந்தாவது. அமெரிக்கர்கள் இல்லாமல் அதே வரிசையில் வந்திருந்தால் பிரெட்டிங்குக்கு வெள்ளியும் ராமேக்கு வெண்கலமும் கிடைத்திருக்கும். கஹனமோகு தொட்ட அந்த உலகச் சாதனை அதே ஆண்டு ஏப்ரலில் பிரெட்டிங் நீந்தியது. ஹீலி எழுந்து பேசியதன் விலையில் ஒரு பங்கை, கேட்காமலே, இரண்டு ஜெர்மானியர்களும் கொடுத்தார்கள். நியாயத்துக்காக ஒருவர் எடுத்த முடிவு மற்றவர் கையிலிருந்தும் எதையோ எடுத்துக்கொள்கிறது. ஹீலி அதனால் தவறியவர் ஆகிவிடவில்லை. ஆனால் அந்தக் கதையைச் சொல்லும்போது பிரெட்டிங்கின் பெயரையும் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு வேறு காரணமும் உண்டு, பின்னால் வருகிறது.

கஹனமோகு 1914இன் இறுதியில் சிட்னி வந்தார். 1915 ஜனவரி 2 அன்று டொமைன் குளத்தில் 100 கஜத்தை 53.8 விநாடியில் நீந்தி உலகச் சாதனை படைத்தார். அதைவிடப் பெரிய காரியம் அதற்குச் சில நாள் முன்பு ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரையில் நடந்திருந்தது. உள்ளூர் மரக்கடையில் வாங்கிய பைன் மரத்தைச் செதுக்கித் தானே செய்த கனத்த பலகையில் நின்றபடி அலையில் வந்தார். மேன்லியில் அதற்கு முன்பே சிலர் ஹவாயிலிருந்து வந்த பலகையோடு மல்லுக்கட்டியிருந்தார்கள். கூட்டம் கூடிப் பார்த்துச் சொக்கிப்போனது இவரைத்தான். அவர் போன பிறகு கிளாட் வெஸ்ட் என்ற பையன் அதே பலகையில் பழகி முன்னணி அலைச்சவாரிக்காரர் ஆனார். அந்தப் பலகை இன்றும் ஃப்ரெஷ்வாட்டர் உயிர்காப்புச் சங்கத்தில் இருக்கிறது. வெள்ளையரல்லாதார் குடியேறத் தடைபோட்ட நாடு, பழுப்பு நிற ஹவாய்க்காரர் ஒருவரை இரண்டு மாதத்துக்கு மேல் தோளில் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

பத்தாண்டு கழித்து, 1925 ஜூனில், கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் கரைக்கு வெளியே ஒரு மீன்பிடிப் படகு பேரலையில் கவிழ்ந்தது. அப்போது கரையில் இருந்த கஹனமோகு பலகையை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அலைக்குள் போய் எட்டுப் பேரைக் கரைசேர்த்தார். அதற்குப் பிறகுதான் அமெரிக்க உயிர்காப்பாளர்கள் பலகையைக் கருவியாகக் கையில் எடுத்தார்கள். ஸ்டாக்ஹோமில் ஹீலி யாருக்காகப் பேசினாரோ அவரும் அடிப்படையில் அதே கரை மனிதர்தான். முழுகுகிற தலையைக் கண்டால் இருவருக்கும் கால் தானாகவே ஓடும்.

அதே இயல்பு ஹீலியை முதல் உலகப் போருக்கும் கொண்டுபோனது. எனக்கு இந்தப் பகுதியை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் அந்தப் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது. 1916இலும் 1917இலும் பொதுவாக்கெடுப்பு வைத்து மக்கள் இரண்டு முறையும் வேண்டாம் என்றார்கள். ஆகவே ஆள் பிடிக்க மனசாட்சியைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. விளையாட்டு வீரர்களைக் குறிவைத்து 1917இல் 'விளையாட்டு வீரர் ஆயிரவர்' என்று தனிப் படைப்பிரிவுக்குச் சுவரொட்டி அடித்தார்கள். சேர்ந்து பயிற்சி பெறலாம், சேர்ந்து கப்பலேறலாம், சேர்ந்து போரிடலாம் என்று அழைத்தார்கள். தோழனை விட்டுக்கொடுக்காதே என்று ஆடுகளத்தில் கற்ற பாடத்தை எடுத்துப் பீரங்கிக்கு முன்னால் நிறுத்திய வேலை அது. அழைப்புக்கு வராதவர்களை என்ன செய்தார்கள் என்பதற்கு லெஸ் டார்ஸி சாட்சி. ஆஸ்திரேலியா கண்ட மகத்தான குத்துச்சண்டை வீரர்களில் ஒருவர். 1916 அக்டோபரில் ரகசியமாகக் கப்பலேறி அமெரிக்கா போனார். ஊர் அவரைக் கோழை என்றது. அமெரிக்காவிலும் மேடை கிடைக்காமல் அலைந்து, 1917 மே மாதம் மெம்ஃபிஸ் நகரில் நோயில் இறந்தார். வயது இருபத்தொன்று. அவருடைய முன்பற்கள் இரண்டு உடைந்தது அதற்கு முந்தைய ஆண்டு சிட்னியில் நடந்த சண்டையில். அந்தப் பற்களைத் திரும்பப் பொருத்தியதில் சீழ் பிடித்ததுதான் சாவில் முடிந்தது என்று சொல்வார்கள். பற்களை உடைத்தவர் ஹரால்ட் ஹார்ட்விக். ஸ்டாக்ஹோமில் ஹீலியோடு தொடர்நீச்சலில் தங்கம் வென்ற அதே ஹார்ட்விக். சிட்னியின் விளையாட்டு உலகம் அவ்வளவு சிறியது.

ஹீலியை யாரும் ஏசவில்லை. சுவரொட்டிகள் வருவதற்கு முன்பே, 1915 செப்டம்பரில், அவராகவே போய்ச் சேர்ந்தார். முப்பத்து மூன்று வயது. கொடுத்த வேலை படையின் பொருள் வழங்கல் பிரிவில். எகிப்திலும் பிரான்ஸிலும் சார்ஜென்ட்டாகச் சாமான் கணக்குப் பார்த்தார். போர் முடியும்வரை அங்கேயே இருந்திருக்கலாம். பிழைத்துத் திரும்பி மேன்லிக் கரையில் கிழவராக நின்று பையன்களுக்கு அலை காட்டியிருக்கலாம். அவர் காலாட்படைக்கு மாற்றிக்கொண்டார். அதிகாரிப் பயிற்சிக்காக கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்கு அனுப்பினார்கள். அங்கே ரக்பி ஆடினார், படகு வலித்தார், குத்துச்சண்டை போட்டார், நீந்தினார். முப்பத்தாறு வயதில், பத்துப் பதினைந்து வயது இளையவர்களுக்கு நடுவே. அவரோடு பயிற்சி பெற்றவர்களுக்கு அந்த மாதங்கள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நாலு விளையாட்டிலும் நின்று ஆடுகிற அந்த மூத்தவரைப் பார்த்துத் தங்களுக்கும் ஒன்றும் ஆகாது என்று அந்தப் பையன்கள் நம்பியிருப்பார்கள்.

1918 ஜூனில் இரண்டாம் லெப்டினென்ட்டாக 19ஆவது பட்டாலியனில் சேர்ந்தார். அந்தப் பட்டாலியனில் விளையாட்டு வீரர்கள் நிறைய. மேஜர் சிட் மிடில்டன் 1908 ஒலிம்பிக்கில் ரக்பித் தங்கம் வென்ற அணியில் இருந்தவர். 1912இல் ஸ்டாக்ஹோமுக்கே எண்மர் படகு வலிக்க வந்தவர். ஆகஸ்ட் கடைசியில் ஆஸ்திரேலியப் படைகள் சோம் நதியை ஒட்டி பெரோன் நகரையும் அதற்கு மேலே இருந்த மோன் சாங் கெந்தன் குன்றையும் நோக்கி முன்னேறின. ஆகஸ்ட் 29 அன்று ஒரு ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கி நிலைக்கு எதிராகத் தன் ஆட்களை நடத்திப் போகையில் ஹீலி சுடப்பட்டு இறந்தார். அவர் பங்கெடுத்த முதல் தாக்குதல் அது. போர் முடிய இரண்டரை மாதம்கூட இல்லை. அசெவிலர்ஸ் படைக்கல்லறையில் புதைத்தார்கள். ஒலிம்பிக் தங்கம் வென்று போர்க்களத்தில் இறந்த ஆஸ்திரேலியர் அவர் ஒருவரே.

அதற்கு மூன்று மாதம் முன்பு, 1918 மே மாதத்தில், அதே வடக்குப் பிரான்ஸில் குர்ட் பிரெட்டிங்கும் சண்டையில் இறந்திருந்தார். ஸ்டாக்ஹோமில் ஒரே பாலத்திலிருந்து குதித்த ஐந்து பேரில் இரண்டு பேர். இருவரும் எதிரெதிர்ப் பக்கங்களில்.

ஹீலி பொருள் வழங்கல் பிரிவிலிருந்து காலாட்படைக்கு ஏன் மாறினார் என்ற கேள்வி என்னை விடுவதில்லை. புகழுக்காக என்று நம்ப முடியவில்லை; அந்த வயதில், அந்தப் பதக்கங்களோடு, அவருக்கு இனிமேல் தேடவேண்டிய புகழ் இல்லை. மற்றவர்கள் தண்ணீரில் இருக்கும்போது தான் கரையில் நிற்க முடியாது என்று தோன்றியிருக்கும். ஸ்டாக்ஹோமில் அவரை எழுந்து பேசவைத்ததும் இதே உணர்வுதான். அங்கே அது ஒரு நீச்சல் வீரரைத் தண்ணீருக்குள் கொண்டுவந்தது. இங்கே அதே உணர்வை ஓர் அரசு தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது. ஒரே மனிதரின் ஒரே குணம். அதைப் போற்றுகிறவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் போற்றுகிறார்கள். எனக்கு அது முடியவில்லை. அவருக்கு இருந்த நேர்மை பெரிது. அதைக் கேட்டு வாங்கியவர்கள் அந்த அளவுக்கு நேர்மையானவர்கள் இல்லை.

அவர் இறந்து நூறு ஆண்டு ஆன 2018இல் அவருடைய வாழ்க்கை வரலாறு புத்தகமாக வந்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலிய ஒலிம்பிக் குழு அவர் பெயரில் விளையாட்டு நேர்மைக்கு ஒரு விருதையும் ஏற்படுத்தியது. புத்தகத்தை எழுதிய இருவரில் ஒருவர் பத்திரிகையாளர் லாரி ரைட்டர். மற்றவர் ஜான் டெவிட்.

டெவிட் யார் என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். 1960 ரோம் ஒலிம்பிக். அதே 100 மீட்டர் பந்தயம். டெவிட்டும் அமெரிக்காவின் லான்ஸ் லார்ஸனும் ஒன்றாக வந்து சுவரைத் தொட்டார்கள். லார்ஸனுக்குக் கடிகாரம் பிடித்த மூவரும் குறைந்த நேரம் கொடுத்தார்கள், டெவிட்டுக்கு 55.2, லார்ஸனுக்கு 55.0, 55.1, 55.1. கண்ணால் பார்த்த நடுவர்கள் ஆறு பேரில் மூவர் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம். தலைமை நடுவர் டெவிட்டுக்குத் தங்கம் என்றார். லார்ஸனின் நேரத்தை 55.2 ஆகத் திருத்தி எழுதினார்கள். பந்தயம் முடிந்த உடனே, முடிவு அறிவிப்பதற்கு முன்னால், டெவிட்டே லார்ஸனை வாழ்த்திவிட்டு ஏறிப் போனார் என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்கர்கள் நான்கு ஆண்டு மேல்முறையீடு செய்தும் முடிவு மாறவில்லை. அந்தத் தகராறுக்குப் பிறகுதான் நீச்சலில் மின்னணு நேரக்கருவி அவசரமாக வளர்ந்தது.

நடுவர்கள் கொடுத்ததை டெவிட் வாங்கிக்கொண்டார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணிமைக்கும் நேரத்து வித்தியாசத்தில் யார் முந்தினார் என்று தண்ணீருக்குள் இருப்பவருக்கே தெரியாது. ஆனாலும் அந்தப் பந்தயம் அவருடைய பெயரோடு ஆயுள் முழுக்க ஒட்டிக்கொண்டது. எங்கே போனாலும் யாராவது கேட்டிருப்பார்கள். அப்படிப்பட்டவர், எண்பதைத் தாண்டிய வயதில், அதே தூரத்தில், ஒலிம்பிக்கிலேயே, கையில் வந்திருக்கக்கூடிய தங்கத்தைப் பற்றி இன்னொரு ஆஸ்திரேலியர் எடுத்த முடிவை ஊருக்குச் சொல்லும் புத்தகத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். படிக்கிறவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தே எழுதினார். ஹீலியைப் பற்றி எழுத அவரைவிட உரிமையுள்ள ஒருவரை என்னால் நினைக்க முடியவில்லை.